உறைபனித் தேயிலையும் எங்கள் நாக்கும்

மார்கழி பிறந்ததும் நீலகிரியில் பனியைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுவார்கள். சுற்றுலா வந்தவர்கள் விடியற்காலையில் தலைக்குந்தா புல்வெளியில் போய் நின்று, சர்க்கரை கொட்டியது போல இருக்கிறதென்று படம் எடுப்பார்கள். செடி வைத்திருப்பவர்கள், "பள்ளத்துல இருக்கிறது அத்தனையும் கருகிப்போச்சு" என்று தலையில் கை வைப்பார்கள். சில வருடங்களாக மூன்றாவதாக ஒரு பேச்சும் சேர்ந்திருக்கிறது. அது டப்பாக்களின் மேல் அச்சடித்த பேச்சு. உறைபனிக் காலத்தில் பறித்த 'ஃப்ராஸ்ட் டீ', குறைந்த அளவே கிடைக்கும், தேன் போன்ற இனிப்பு, பூ மணம் என்று போகும். நாங்கள் குன்னூரில் வாங்கிய ஒரு டப்பாவில் ஐஸ் ஒயினோடு ஒப்பிட்டே எழுதியிருந்தார்கள். 100 கிராம் 700 ரூபாய்.

அந்த ஒப்பீடு முழுப் பொய் இல்லை. ஐஸ் ஒயின் என்பது விருந்து முடிந்தபின் சிறு கோப்பையில் ஊற்றிக் குடிக்கும் இனிப்பு ஒயின். திராட்சையைக் கொடியிலேயே உறைய விட்டுப் பறிக்கிறார்கள். ஜெர்மனியில் மைனஸ் 7 டிகிரி, கனடாவில் மைனஸ் 8 டிகிரி குளிராவது இருந்தால்தான் அந்தப் பெயரை வைக்கலாம். பழத்துக்குள் இருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகிவிடும், பிழியும்போது சர்க்கரையும் புளிப்பும் திரண்ட சாறு மட்டும் சொட்டும். தேயிலையில் நடப்பது வேறு. இலை உறைந்தால் கருகிவிடும், அது குப்பைக்குத்தான். ஆனால் இரவில் பூஜ்யத்தை ஒட்டிய குளிர், பகலில் நல்ல வெயில், மழையே இல்லை என்று வாரக்கணக்கில் போகும்போது செடி வளர்வதை ஏறக்குறைய நிறுத்திக்கொள்கிறது. அப்போது வரும் கொழுந்து சிறியதாக இருக்கும், மணம் அதில் திரண்டு நிற்கும். துவர்ப்பு குறைவாக இருப்பதால் நாக்குக்கு இனிப்பாகத் தெரிகிறது. சர்க்கரையால் வந்த இனிப்பு அல்ல அது.

இரண்டிலும் பொதுவானது ஒன்று உண்டு. குளிர்தான் விலை. அந்தக் குளிரில் ஒருவர் போய் நிற்க வேண்டும். ஐஸ் ஒயின் திராட்சையை வெயில் ஏறுவதற்குள், பெரும்பாலும் இருட்டிலேயே பறிக்கிறார்கள். இங்கே உறைபனிக் கொழுந்தையும் சில தோட்டங்களில் விடியும் முன்பே பறிக்கச் சொல்கிறார்கள். எங்களுக்குப் பழக்கமான லயத்தில் ஒரு அக்கா சொன்னது: "கொழுந்து கண்ணாடி மாதிரி இருக்கும். மூணாவது செடிக்கே விரல் மரத்துப்போயிரும். நகம் இருக்குதா இல்லையான்னு பார்த்துக்கணும்." டப்பாவில் இது அச்சாகவில்லை.

இளைஞர்களுக்கு வேலை வழிகாட்டும் பணிக்காக நாங்கள் கோத்தகிரி, குன்னூர் பக்கத்து லயங்களுக்குப் போய்வருகிறோம். மூன்று பேர், எங்களில் இருவர் எஸ்டேட் லயத்தில் பிறந்தவர்கள். தேயிலையைப் பறிக்கவும் சுமக்கவும் மட்டுமே நம் பிள்ளைகள் போகிறார்களே, ருசி பார்த்து விலை சொல்லும் வேலைக்கு ஏன் ஒருவரும் போகவில்லை என்ற கேள்வியோடுதான் ஆறு இளைஞர்களை அழைத்துக்கொண்டு ஒரு டேஸ்டிங் அறைக்குப் போனோம். எந்த இடம் என்பது இங்கே தேவையில்லை.

குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில். ஆனால் ஏலத்துக்கு முன்னால் ஒவ்வொரு தொழிற்சாலையின் மாதிரியையும் யாராவது ஒருவர் வாயில் வைத்துப் பார்த்தாக வேண்டும், அதற்கு இன்னும் கம்ப்யூட்டர் வரவில்லை. நீளமான மேஜை, வடக்குப் பார்த்த ஜன்னல், வரிசையாக வெள்ளைப் பீங்கான் கோப்பைகள். தராசில் மாதிரியை எடை போட்டு, மூடியுள்ள சிறு பானையில் கொட்டி, கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, கடிகாரம் வைத்து வடிக்கிறார்கள். உலகத் தர அளவு 100 மில்லிக்கு 2 கிராம், 6 நிமிடம். (ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், நூறைத் தொடாது. அதே தூள் சென்னையில் வேறு மாதிரி இறங்கும். நம் வீட்டுப் பாட்டிகள் "மலையில டீ நல்லா கொதிக்கணும்" என்று சொன்னதற்குக் காரணம் இது.) வெந்த இலையைப் பானையின் மூடி மேல் கவிழ்த்து வைக்கிறார்கள், அதன் நிறமும் மணமும் சாற்றுக்கு நிகரான சாட்சி.

டேஸ்டர் வந்தார். ஒரு கரண்டி. முதல் கோப்பையில் முக்கி, வாயருகே கொண்டுபோய், சர்ரென்று பெரிய சத்தத்தோடு உறிஞ்சினார். எங்கள் பிள்ளைகளில் ஒருவன் சிரித்துவிட்டான். அந்தச் சத்தத்துக்குக் காரணம் இருக்கிறது. காற்றோடு சேர்த்து இழுத்தால்தான் சாறு தூவல்போல வாய் முழுவதும் பரவும், மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். பிறகு சக்கரம் வைத்த தொட்டியில் துப்பினார். அதே கரண்டியை அடுத்த கோப்பையில் முக்கினார். உறிஞ்சினார், துப்பினார். அடுத்தது. நாற்பது கோப்பை. அவருக்குப் பின்னால் இளையவர் ஒருவர் தன் கரண்டியோடு அதே கோப்பைகளில் வரிசையாக வந்தார். "பிரைட்", "பாடி இல்லை", "ஸ்ட்யூடு", "பிரிஸ்க்" என்று ஒரு சொல், ஒரு எண். அவர்கள் வாயிலிருந்து வருவதை ஒரு பெண் நோட்டில் எழுதிக்கொண்டே போனாள்.

வெளியே வந்ததும் எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி கேட்டாள். "அண்ணா, ரெண்டு பேரும் ஒரே கோப்பையில வாய் வெச்ச கரண்டியை விட்டாங்களே, எச்சில் இல்லையா?"

இந்தக் கேள்வியை எங்களால் எளிதில் கடந்து போக முடியவில்லை. எச்சில் என்பது நம் சமூகத்தில் வெறும் உமிழ்நீர் அல்ல. யாருடைய எச்சில் என்பதுதான் கேள்வி. அந்த அறையில் இரண்டு வாய்கள் நாற்பது கோப்பைகளில் போய் வந்தன, யாருக்கும் அருவருப்பு இல்லை, ஏனென்றால் அது நிபுணரின் வாய். அதே தேயிலை தூளாகிச் சமவெளிக்கு இறங்கி, டீக்கடைக்குப் போன பிறகு, அதைப் பறித்தவர்களின் உறவினர் குடித்த டம்ளரை இன்னொருவர் தொடமாட்டார். தனி டம்ளர், சில ஊர்களில் சிரட்டை, குடித்தவரே கழுவி வைக்க வேண்டும். பொது உணவகத்தில் பாத்திரத்தைக் காட்டிப் பாகுபடுத்துவது குற்றம் என்று 1955ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. சட்டத்துக்குப் பிறகும் இரட்டை டம்ளர் இருந்ததையும், அதை எதிர்த்து நடந்த போராட்டங்களையும் இதைப் படிப்பவர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. காகிதக் கப் வந்தது, சாதிக்கு இன்னும் வசதியாகிவிட்டது. அவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ், நமக்குக் காகிதக் கப், கேட்டால் சுகாதாரம் என்பார்கள்.

சமூகவியல் வகுப்பில் பூர்தியூவைப் படித்தோம். ரசனை என்பது பிறவிக் குணமல்ல, அது வர்க்கம் சொல்லிக்கொடுப்பது, தன்னை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்ட உதவுவது என்று 1979இல் அவர் எழுதினார். பிரெஞ்சுக்காரர்களுக்கு அதைச் சொல்ல ஒரு பெரிய புத்தகம் தேவைப்பட்டது. 1927 மார்ச் 20ஆம் தேதி மகாட்டில் சவுதார் குளத்துத் தண்ணீரை அம்பேத்கர் கையில் அள்ளிக் குடித்தபோது நடந்ததை நினைத்துக்கொண்டால் நமக்கு அது ஒரு வரியில் புரிந்துவிடும். யார் எதைக் குடிக்கலாம் என்பதைத் தாகம் தீர்மானிப்பதில்லை.

ஒயினைப் பற்றியும் சொல்ல வேண்டும், டப்பாக்காரர்களே அந்த ஒப்பீட்டை ஆரம்பித்துவிட்டார்கள் என்பதால். ஒயின் நமக்கு அந்நியம் என்று நினைப்பது சரியில்லை. வெள்ளைக்காரர்களின் வீட்டில் மாட்டிறைச்சி சமைக்கவும் மது ஊற்றவும் சாதி இந்துக்கள் தயங்கிய காலத்தில் அந்தச் சமையலறைக்குள் போனவர்கள் நம் முன்னோர். பட்லர் என்ற சொல்லே நம் குடும்பங்களில் ஒரு பட்டப்பெயர்போல ஒட்டிக்கொண்டது. எந்தப் புட்டியை எப்போது திறப்பது, எது கெட்டுப்போய்விட்டது என்று முகர்ந்து சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள். அயோத்திதாசரின் பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியிடம் பட்லராக இருந்தவர். எல்லிஸ் துரைக்குத் திருக்குறள் ஓலைச்சுவடியைக் கொடுத்தவர் அவர்தான் என்று அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். அந்த அயோத்திதாசர் இளமையைக் கழித்தது இந்த நீலகிரியில்தான், 1870களில் அத்வைதானந்த சபையைத் தொடங்கியதும் இங்கேதான். இரட்டைமலை சீனிவாசனும் நீலகிரியில் வெள்ளையர் நிறுவனத்தில் கணக்கராக வேலை பார்த்தவர். ஓலைச்சுவடியின் மதிப்பும் ஒயினின் மதிப்பும் தெரிந்த பட்லர் வீட்டுப் பிள்ளைகள் இந்த மலையில் நடந்திருக்கிறார்கள்.

இனிப்பு ஒயினின் வரலாற்றிலும் நம் ஆட்கள் இருக்கிறார்கள், புட்டியின் மறுபக்கத்தில். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவின் அரண்மனைகள் போட்டிபோட்டு வாங்கிய இனிப்பு ஒயின்களில் ஒன்று தென்னாப்பிரிக்காவின் கான்ஸ்டான்ஷியா. செயிண்ட் ஹெலினா தீவில் சிறையிருந்த நெப்போலியனுக்கு அது போனது. ஜேன் ஆஸ்டின் நாவலில் காதல் முறிந்த பெண்ணுக்கு மருந்தாக ஒரு கோப்பை கான்ஸ்டான்ஷியா வருகிறது. அந்தத் தோட்டத்தை 1685இல் டச்சுக் கம்பெனியின் ஆளுநர் சைமன் வான் டெர் ஸ்டெல் அமைத்தார். கொடிகளை நட்டதும் பழத்தைப் பறித்ததும் அடிமைகள். கேப் பகுதிக்குக் கொண்டுபோகப்பட்ட அடிமைகளில் மடகாஸ்கர், கிழக்காப்பிரிக்கா, இந்தோனேசியத் தீவுகளோடு மலபார், வங்காளம், கோரமண்டல் கரை என்று நம் பக்கத்து ஆட்களும் இருந்தார்கள். கோரமண்டல் என்றால் நாகப்பட்டினம், பழவேற்காடு கரை. 1834இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. அதற்குப் பிறகும் கேப் தோட்டங்களில் கூலியின் ஒரு பகுதியாக மலிவான ஒயினையே தொழிலாளருக்கு ஊற்றிக்கொடுக்கும் 'டாப்' என்ற வழக்கம் 20ஆம் நூற்றாண்டுக்குள்ளும் நீண்டது. நல்ல ஒயின் கப்பலுக்கு, கசடு வேலையாளுக்கு. தாயின் குடியால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகள் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் அந்த ஒயின் பகுதியும் ஒன்று.

நல்லது கப்பலுக்கு, கசடு வேலையாளுக்கு என்ற கணக்கு எங்கள் மலையிலும் தெரியும். லயத்தில் குடிப்பது தூள். சல்லடையில் கடைசியாக இறங்கும் தூள். சில எஸ்டேட்டுகளில் மாதம் ஒரு பொட்டலம் கொடுப்பார்கள். உறைபனிக் கொழுந்தைப் பறித்த கையால் அந்தத் தேநீரை ஊற்றிக் குடித்த ஒருவரையும் நாங்கள் இதுவரை பார்க்கவில்லை. 4 கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து பறித்தால்தான் 1 கிலோ தேயிலை கிடைக்கும். உறைபனிக் காலத்தில் ஒரு நாள் முழுக்கப் பறித்தாலும் கூடை பாதிகூட நிறையாது. எடைக்குக் கூலி கூட்டிக் கொடுக்கும் இடங்களில் இந்தப் பருவம் பெண்களுக்கு இழப்பு. தொழிற்சாலைக்கு அரிதாக இருப்பதால் விலை ஏறுகிறது, பறிப்பவளுக்கு அரிதாக இருப்பதால் கூலி இறங்குகிறது.

இவர்கள் யார் என்பதும் இந்தக் கதையோடு சேர்ந்தது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கத்து லயங்களில் பெரும்பாலோர் இலங்கையிலிருந்து வந்தவர்கள், பெரும்பாலோர் தலித்துகள். 1948இல் இலங்கை அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலை எண்ணிப் பிரித்தார்கள். யாரிடமும் கேட்கவில்லை. வந்தவர்களுக்காகத்தான் 1968இல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது, அதுவே பிறகு டான்டீ ஆனது. காட்டை வெட்டிச் செடி வைத்தவர்கள் அவர்கள். தேயிலையில் நான்கு தலைமுறை அறிவு உள்ள மக்கள் என்று சொன்னால், நீலகிரியில் முதலில் இவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

டேஸ்டிங் அறையில் நோட்டில் எழுதிய அந்தப் பெண்ணுக்கு வருகிறோம். லயத்துப் பெண், அம்மா கொழுந்து பறிப்பவர். பி.காம். முடித்திருக்கிறாள். அவள் அங்கே வேலைக்குப் போனது டேஸ்டர் பயிற்சி கேட்டுத்தான். உள்ளே உட்காரவைத்து, பரம்பரை, ஊர் எல்லாம் விசாரித்துவிட்டு, "வீட்டுல என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். அவள் மறைக்கவில்லை, கறி சாப்பிடுவோம், மாட்டுக்கறியும் சாப்பிடுவோம் என்றாள். "நாக்கு சுத்தமா இருக்கணும்மா இந்த வேலைக்கு. உங்களுக்குப் பழகாது" என்று பதில். அதன்பிறகு மாதிரிகளை எடை போடவும், தண்ணீர் ஊற்றவும், கோப்பை கழுவவும், எழுதவும் வேலை கொடுத்தார்கள். எட்டு மாதமாகச் செய்கிறாள்.

சுவைப்பதற்கு முன் பூண்டு, வெங்காயம், புகை, காரம் கூடாது என்பது தொழிலில் உள்ள பழக்கம்தான், அதில் தவறில்லை. காலை வேலைக்கு முன்பு எதைத் தவிர்ப்பது என்ற ஒழுங்கு அது. பிறந்த வீட்டு அடுப்பில் என்ன வெந்தது என்பதல்ல. இந்தத் தொழிலை இங்கே உண்டாக்கிய வெள்ளைக்காரர்கள் மதியம் மாட்டிறைச்சியும் ராத்திரி விஸ்கியும் எடுத்துக்கொண்டவர்கள், அவர்களின் நாக்குதான் இன்றைக்கும் பயன்படும் அத்தனை சொற்களையும் வைத்துவிட்டுப் போனது. லண்டன் மின்சிங் லேனில் இருந்த டேஸ்டர்களில் யாரும் தயிர்சாதம் சாப்பிட்டு வரவில்லை. ஆக 'சுத்தமான நாக்கு' என்ற பேச்சு தேயிலையிலிருந்து வரவில்லை. அது வேறு இடத்திலிருந்து இந்த அறைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அவள் என்ன செய்தாள் என்பதை எங்களிடம் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொன்னாள். டேஸ்டர்கள் போன பிறகு, கழுவுவதற்கு முன், ஒவ்வொரு கோப்பையிலும் மிச்சமிருப்பதைத் தன் கரண்டியால் எடுத்துப் பார்ப்பாள். தன் நோட்டில் ஒரு எண் எழுதுவாள். ஏலம் முடிந்த பிறகு வந்த விலையோடு ஒப்பிடுவாள். அந்த நோட்டை நாங்கள் பார்த்தோம். முதல் இரண்டு மாதம் பெருந்தூரத்தில் இருக்கிறது. ஐந்தாவது மாதத்திலிருந்து வரிசை ஏறக்குறைய ஒத்துப்போகிறது. எது முதல், எது கடைசி என்பதில் அவள் பெரிதாகத் தவறவில்லை. எச்சில் கோப்பையில் படித்த படிப்பு அது.

அவள் யோசனைப்படிதான் தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்தில் நாங்களே ஒரு டேஸ்டிங் வைத்தோம். மூன்று தேயிலை. ஒன்று குந்தா பக்கத்து உயரமான தோட்டத்தின் உறைபனித் தேயிலை, இரண்டாவது கோத்தகிரிப் பக்கத்தில் செய்தது, அந்த 700 ரூபாய் டப்பா. மூன்றாவது லயத்துக்குக் கொடுத்த தூள். எது எதுவென்று யாருக்கும் சொல்லவில்லை. எவர்சில்வர் டம்ளர்கள், மருந்துக்கடையில் வாங்கிய அளவுக் குவளை, போனில் 6 நிமிடம். ஏழு பெண்கள், ஒரு பாட்டி. பாட்டி இலங்கை பதுளைப் பக்கத்திலிருந்து 1972இல் சிறுமியாக வந்தவர்.

குந்தா தேயிலையின் சாறு வெளிறிய பொன் நிறம், ஓரத்தில் லேசான பச்சை. மூடி மேல் கவிழ்த்த இலை செம்பு நிறத்துக்கு வரவில்லை, பாதி பச்சையாகவே இருந்தது. இந்த வகையில் அது குறையில்லை, நன்றாக வாட்டிய இலை அப்படித்தான் நிற்கும். மணம் உடனே ஏறியது. எங்களுக்குப் பூ என்று மட்டும் தெரிந்தது. ஒரு அக்கா, "செண்பகம்" என்றார். இன்னொருவர் இல்லை என்று தலையாட்டி, திரும்ப முகர்ந்து, "பூவும் இருக்கு, பக்கத்துல தைல மரமும் இருக்கு. தைல மரத்து வேலியோரம் எடுத்த கொழுந்து இது" என்றார். யூகலிப்டஸ் மணம் நீலகிரித் தேயிலையில் சில சமயம் வரும் என்று டேஸ்டர்களும் சொல்வார்கள். ஆனால் வேலியோரம் என்று எந்த டேஸ்டரும் சொல்லிக் கேட்டதில்லை. வாயில் துவர்ப்பு மிகக் குறைவு. விழுங்கிய பிறகு தொண்டையில் ஒரு இனிப்பு மெதுவாகத் திரும்பி வந்தது. அது நின்ற நேரத்தைத்தான் நாங்கள் அந்தத் தேயிலையின் பெரிய தகுதியாக நினைக்கிறோம். இந்த வருடம் நல்ல வருடம் என்று சொல்வதற்கு அந்த ஒரு தேநீர் போதும்.

கோத்தகிரித் தேயிலை நிறத்தில் கொஞ்சம் அழுத்தம், முதல் வாயில் நன்றாகவே இருந்தது. இரண்டாவது வாயில் எதுவோ இடித்தது. எங்களுக்குப் பிடிபடவில்லை. அக்கா ஒருவர் வெந்த இலையை எடுத்து விரலால் பிசைந்து முகர்ந்தார். "சரியா வாடல. அவசரப்பட்டு உருட்டிட்டாங்க. பச்சை வாடை நிக்குது பாரு." நோட்டுக்காரப் பெண் தன் பக்கத்தில் முன்பே 'கிரீனிஷ்' என்று எழுதி வைத்திருந்ததைக் காட்டினாள். ஒன்றுதான், இரண்டு மொழியில். நல்ல கொழுந்து, மோசமான வேலை என்பதுதான் ஏழு பேரின் தீர்ப்பு. அந்த 700 ரூபாய்க்கு அது தகாது என்பது எங்கள் தீர்ப்பு.

மூன்றாவதை எல்லோரும் குடித்தவுடன் கண்டுபிடித்துவிட்டார்கள். சிரிப்பு. "இது நம்மது" என்றார்கள். பால் இல்லாமல் அதைக் குடிப்பது கஷ்டம். பாலும் சர்க்கரையும் போட்டு அதைப் பிழைக்க வைப்பதே நம் சமையலறைகளின் திறமை.

பாட்டி இவ்வளவு நேரம் பேசவில்லை. இலங்கையில் பிளேன்டீ குடிக்கும்போது கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொள்வார்கள், அந்தப் பழக்கத்தில் மடியில் ஒரு துண்டு வைத்திருந்தார். முதல் டம்ளருக்கு அதை எடுக்கவில்லை. குடித்து முடித்துவிட்டு, "இதுக்குக் கருப்பட்டி வேணாம்" என்றார். பிறகு, "இவ்வளவு வருஷம் பறிச்சேன், இது இப்படி இருக்கும்னு தெரியாது" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் இருக்குமா என்று கேட்டார். இரண்டாவது முறை தண்ணீர் ஊற்றிக் கொடுத்தோம், அப்போதும் மணம் போகவில்லை.

எட்டுப் பேர் சொன்னதையும் அந்தப் பெண் நோட்டில் எழுதிக்கொண்டாள். செண்பகம், தைல மரத்து வேலி, சரியா வாடல, நாக்குல ஒட்டாம வழுக்குது, தொண்டையில நிக்குது, கருப்பட்டி வேணாம். எதிரே ஆங்கிலத் தொழில் சொற்களை எழுதினாள். சில சொற்களுக்கு எதிரே ஒன்றும் எழுத முடியவில்லை, அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறாள்.

இப்போது அவள் தன் எட்டு மாத நோட்டை நகல் எடுத்து, ஏல விலைகளோடு சேர்த்து, வேலை செய்யும் இடத்திலேயே எழுத்து மூலமாக விண்ணப்பம் கொடுத்திருக்கிறாள். ஒரு நாள், ஒரு மேஜை, மற்றவர்களோடு சேர்ந்து அதே கோப்பைகளில் தானும் சுவைத்து மார்க் போட வேண்டும், பெயர் மறைத்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று கேட்டிருக்கிறாள். மூன்று வாரமாகப் பதில் இல்லை. வராவிட்டால் வேறு இடங்களுக்கும் இதே நகலோடு போவோம், நாங்களும் கூட வருவோம். உணவைக் கேட்டு வேலை மறுத்தது பற்றித் தனியாக ஒரு மனுவும் தயாராகிறது, சட்டம் தெரிந்த தோழர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை டேஸ்டிங்கைத் தொடரச் சொல்லி லயத்துப் பெண்களே கேட்கிறார்கள். அடுத்த முறை ஆறு மாதிரி வேண்டும், தாங்கள் பறித்த காட்டின் கொழுந்து ஒன்றாவது அதில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். டம்ளர் போதவில்லை. வெள்ளைப் பீங்கான் கோப்பை ஒரு டஜன் யாரிடமாவது இருந்தால் கொடுத்து உதவலாம், பழையதானாலும் பரவாயில்லை, விரிசல் இல்லாமல் இருந்தால் போதும்.